ஐந்து நாள் முன்னாடியே கோபப்படணும்!

கடலூர் முதுநகரைத் தாண்டி சிதம்பரம் ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டுப் பெரியவர் நல்ல தூக்கம். ‘சிப்காட் இறங்கறவங்கள்லாம் வாங்க...’ என்று கண்டக்டர் குரல் கொடுப்பதற்கு முன்பே, கண்ணைத் திறக்காமலே தோள் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"எப்படிங்க ஐயா, தூக்கத்துலயே தெரிஞ்சுது?"

"முப்பத்தஞ்சு வருசமா இந்த ரூட்ல போறன் தம்பி. கண்ணு தூங்கும், மூக்கு தூங்குமா?" என்றார், துண்டுக்குள்ளிருந்தே.

சிப்காட் தொழிற்பேட்டை இங்கே வந்தது 1980-களின் தொடக்கத்தில். சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே மருந்து, சாயம், பூச்சிமருந்து, ரசாயனம் என்று வரிசையாக ஆலைகள். அவற்றுக்கு இடையிலும் ஓரத்திலும் ஈச்சங்காடு, சோனஞ்சாவடி, சங்கொலிக்குப்பம், குடிகாடு, காரைக்காடு என்று ஊர்கள். ஊர்கள் முதலிலேயே இருந்தவை. ஆலைகள்தான் விருந்தாளி. விருந்தாளி வந்து நாற்பது வருஷமாகிறது. இப்போது வீட்டுக்காரர்தான் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்!

இறங்கி ஒரு டீக்கடையில் நின்றேன். காலையில் இட்லி, சாயந்திரம் போண்டா போடும் சின்னக் கடை. கடையை நடத்துகிற அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். என் தோள் பையையும் நோட்டையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நீங்க பத்திரிகைல எழுதறவரு தான சார்? ஒரு சந்தேகம் கேக்கறன், சொல்றீங்களா?"

"கேளுங்கம்மா."

"ஒரு நாளு ராத்திரி ரெண்டு மணிக்கு நாத்தம். புள்ளைங்கள்லாம் இருமுது, கண்ணு எரியுது. வூட்ல இருக்க முடியல. எல்லாரும் எழுந்தாந்து ரோட்ல குந்திட்டோம். மறுநாளு கேஸு! அனுமதி வாங்காம கூடிட்டமாம். சரி, அனுமதிக்கு எத்தினி நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணும்னு கேட்டன். அஞ்சு நாளுன்னாங்க. அப்ப எங்களுக்கு அஞ்சு நாள் முன்னாடியே கோவம் வரணும். கம்பெனிக்காரன் என்னிக்குக் காத்தை வுடுவான்னு எங்களுக்கு எப்படி சார் தெரியும்? அவன்தான் அனுமதி வாங்கிட்டு வுடறானா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. டீ ஆறியதுதான் மிச்சம்.

ஊருக்குத் திரும்பி, தெரிந்த வக்கீல் ஒருவரைப் பிடித்தேன். தடிப் புத்தகங்களை இறக்கிப் போட்டார். அந்த அம்மாவின் கேள்வி அப்படியொன்றும் வேடிக்கைக் கேள்வி இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

நம் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு, ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுகிற உரிமையை நமக்குத் தருகிறது. அதே பிரிவு, பொது ஒழுங்குக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்று அரசாங்கத்துக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உரிமை ஒரு வரி. கட்டுப்பாடோ பல சட்டங்களில், பல பிரிவுகளில்!

மாவட்டங்களில் அதிகம் புழங்குவது 1861-ஆம் வருஷத்து போலீஸ் சட்டத்தின் 30(2). வருஷத்தைக் கவனியுங்கள். 1857 கலகம் முடிந்து நான்கே வருஷம். 'இந்த ஜனங்கள் இனிமேல் கூடவே கூடாது' என்ற கவலையில் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம். சென்னைக்கு 1888-ஆம் வருஷத்து நகர போலீஸ் சட்டம், 41-வது பிரிவு. அதன்படி ஐந்து நாள் முன்னதாக மனுக் கொடுக்க வேண்டும். தடை உத்தரவுகள் பெரும்பாலும் 15 நாளுக்குப் போடப்படும். முடிந்ததும் இன்னொரு 15. வாடகை சைக்கிளை மணிக்கணக்கில் நீட்டிக்கிற மாதிரி! இவையெல்லாம் போதாதென்றால் நம் எல்லோருக்கும் தெரிந்த 144. அதற்கு 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 163 என்று நம்பர் மாறிவிட்டது. சுவரெழுத்து எழுதுகிறவர்கள்தான் பாவம், பழக்கத்தில் இன்னமும் 144 என்றே எழுதுகிறார்கள்.

'கட்டுப்படுத்தலாம், ஆனால் தெருவில் கூட்டமே கூடாது என்று அடியோடு தடுக்கக்கூடாது' என்று சுப்ரீம் கோர்ட் ஆமதாபாத்திலிருந்து வந்த ஹிம்மத்லால் வழக்கில் 1972-லேயே சொல்லிவிட்டது. ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்ச். அதற்கப்புறமும் மனுக் கொடுத்தவர்களுக்கு கடைசி நாள் சாயந்திரம்தான் 'அனுமதி இல்லை' என்ற காகிதம் வருகிறது. கோர்ட்டுக்குப் போக நேரம் இருக்காது. விதிப்படி கேட்டவரையும் விதி மீறினவராக ஆக்கிவிடுகிற வித்தை இது.

இது ஏதோ ஒரு கட்சி ஆட்சியின் வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். ஆட்சியில் இல்லாதபோது மறியல் செய்தவர்கள்தான் ஆட்சிக்கு வந்ததும் அனுமதி மறுக்கிறார்கள். 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் நடந்த மார்க்சிஸ்ட் கட்சி மாநில மாநாட்டில், அப்போது அதன் மாநிலச் செயலாளராக இருந்த கே.பாலகிருஷ்ணன், ஊர்வலம், ஆர்ப்பாட்டம் எதற்கும் அனுமதி இல்லையே, தமிழ்நாட்டில் அறிவிக்கப்படாத அவசரநிலையா என்று கேட்டார். அப்போது ஆளும் கூட்டணியில் இருந்த கட்சி அது! கூட்டணிக்காரருக்கே அந்த நிலை என்றால் குடிகாட்டு ஜனங்களுக்கு?

நானும் ஒரு முறை கைதாகியிருக்கிறேன். பயந்துவிடாதீர்கள், காலையில் கைது, மாலையில் விடுதலை. ஒரு டவுனில் ஒரு மறியலைப் பார்க்கப் போன இடத்தில், 'ஓரமா நில்லுங்க' என்று சொன்ன போலீஸ்காரர் ஓரத்தோடு சேர்த்து ஏற்றிவிட்டார். கொண்டுபோய் விட்டது ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணத்துத் தோரணம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தலைவர் மணமேடையிலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டார். மத்தியானம் எலுமிச்சை சாதப் பொட்டலம். ஊறுகாய் கேட்டு ஒரு சின்ன கோஷம்கூட எழுந்தது. சாயந்திரம் ஏட்டு வந்து தலைகளை எண்ணிவிட்டு, "நூத்தி இருபதுன்னு எழுதிட்டோம், ரெண்டு குறையுதே... யாராச்சும் டீ குடிக்கப் போயிருக்கீங்களா?" என்று கவலையோடு கேட்டார். வெளியே நின்ற ஒருவர் பரிதாபப்பட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்!

சிரிப்பாகத்தான் இருக்கும். கட்சிக்காரருக்கு அது ஒரு நாள் பிக்னிக். ஆனால் அன்றைக்கு எழுதின அந்தப் பெயர் லிஸ்ட் மண்டபத்தோடு முடிவதில்லை. 143, 188, 341 என்று பழைய தண்டனைச் சட்டத்தின் நம்பர்கள் சேர்ந்து அது வழக்காகிறது. (இப்போது அந்த நம்பர்களும் மாறியாகிவிட்டது.) இரண்டு வருஷம் கழித்து சம்மன் வரும். வாய்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டால் 'வழக்கு நிலுவையில்' என்று பதில் வரும்.

டீக்கடை அம்மாவின் கவலையும் அதுதான். "எங்க பெரிய பையன் பேரும் அந்தக் கேஸ்ல இருக்கு சார். அவன் போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கான்!"

அவருக்கு ஒரு நல்ல சேதி இருந்தது. சொன்னேன். 2018 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 'ஜீவானந்தம்' வழக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்தார். 188-வது பிரிவுக்கு போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரிதான் எழுத்துமூலமாக மாஜிஸ்திரேட்டிடம் புகார் தர வேண்டும். 30(2) உத்தரவு போட்டால் அது ஜனங்களுக்குத் தெரிகிற மாதிரி அறிவிக்க வேண்டும். அதிருப்தியைக் காட்ட அமைதியாகக் கூடினாலே 'சட்டவிரோதக் கூட்டம்' ஆகிவிடாது. இந்தத் தீர்ப்பைக் காட்டி எத்தனையோ வழக்குகள் ரத்தாகியிருக்கின்றன.

"அப்ப எங்க கேஸும் தானா போயிடுமா?"

தானாகப் போகாது. சென்னைக்குப் போய் வக்கீல் வைத்து மனுப் போட வேண்டும். சொன்னதும் அந்த அம்மா போண்டா மாவைக் கலக்க ஆரம்பித்துவிட்டார். நல்ல சேதிக்கும் பஸ் சார்ஜ் வேண்டியிருக்கிறது.

'ஏன் ரோட்டில் உட்கார வேண்டும், முறையாகப் புகார் கொடுக்கலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். இந்த ஊர்க்காரர்கள் கொடுக்காத புகாரா? 1998-ல் நீதிபதி நயினார் சுந்தரம் இருந்தபோது மாநில மனித உரிமை ஆணையமே இந்தக் கிராமங்களின் நிலையைப் பற்றி அறிக்கை தந்தது. 2004-ல் கிராமத்து ஆட்களே பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்து, நாற்றம் வரும் நேரம் பார்த்துக் காற்றைப் பிடித்து அடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை உட்பட 22 ரசாயனங்கள் அதில் இருந்தன. 'நாத்தம் அடிக்குது' என்றால் 'எந்த நாத்தம்?' என்று திருப்பிக் கேட்கிற அதிகாரிக்காக நோட்டுப் போட்டு எழுதியும் வைத்தார்கள். இத்தனை மணிக்கு அழுகின முட்டைக்கோஸ் வாடை, இத்தனை மணிக்கு நகப்பாலிஷ் வாடை, காற்று இந்தப் பக்கம் என்று! நாக்பூரின் 'நீரி' ஆய்வு நிறுவனம் தன் 2007 அறிக்கையில், இங்கே இருப்பவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் அபாயம் 2,000 மடங்கு அதிகம் என்று கணக்குச் சொன்னது. 2021 மே மாதம் ஓர் ஆலை விபத்தில் நான்கு பேர் செத்தார்கள். 2025 மே மாதம் குடிகாட்டில் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி நடு ராத்திரியில் வெடித்து, தூங்கிக்கொண்டிருந்த வீடுகளுக்குள் தண்ணீர் பாய்ந்தது. அப்போதும் ஜனங்கள் ரோட்டுக்குத்தான் வந்தார்கள்.

மனு, அறிக்கை, ஆய்வு எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் கலெக்டரின் கார் எந்த ரோட்டில் வருமோ அந்த ரோட்டில் உட்காருகிறார்கள். நான் நேரில் கண்டவரை, ரோடு மறித்த அரை மணியில் தாசில்தார் வருகிறார். மனுக் கொடுத்தால் ரசீது வருகிறது.

மறியலில் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்ததையும் பார்த்திருக்கிறேன். 2025 செப்டம்பரில் கரூர்க் கூட்ட நெரிசலில் 41 உயிர் போனபிறகு, கூட்டத்துக்கு விதியே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. எவ்வளவு பேர், எந்த வழி, குடிதண்ணீர் இருக்கிறதா, ஆம்புலன்ஸுக்கு இடம் விட்டார்களா என்று போலீஸ் கேட்கட்டும். கேட்க வேண்டும். 'ஏன் கூடுகிறாய்?' என்று கேட்கிறபோதுதான் இடிக்கிறது.

தொழிற்பேட்டை என்றாலே எனக்கு இன்னொரு ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. தூத்துக்குடி. 2018 மே 22. ஸ்டெர்லைட்டுக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். முந்தின நாள் ராத்திரியிலிருந்து 144. எந்தெந்த ஸ்டேஷன் எல்லைக்குத் தெரியுமா? ஒன்று தென்பாகம், இன்னொன்று சிப்காட்! கலெக்டரிடம் மனுக் கொடுக்க வருகிறோம் என்று நடந்து வந்த ஜனங்களில் 13 பேர் உயிர் போனது. மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபைக்கு வந்தது. போலீஸ்காரர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது அது. எந்த ஆலையை மூடு என்று கேட்டார்களோ, அந்த ஆலையை அரசே அந்த மாதம் 28-ந் தேதி மூடியது. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஆலையின் அப்பீலைத் தள்ளிவிட்டது. அப்படியானால் மே 22-ந் தேதி நடந்து வந்தவர்கள் கேட்டதில் என்ன தப்பு?

அதற்கப்புறம் மேல்மா. திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று 2023-ல் விவசாயிகள் நூறு நாளைத் தாண்டிப் பந்தலில் உட்கார்ந்தார்கள். நவம்பரில் கைது. ஏழு பேர் மேல் குண்டர் சட்டம்! 1982-ல் கள்ளச்சாராயக்காரர்களையும் ரவுடிகளையும் மனத்தில் வைத்துக் கொண்டுவந்த சட்டம் அது. விசாரணையில்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். நெல் விதைக்கிறவர் எப்படிக் குண்டர் ஆனார் என்று ஊரே கேட்டதும், சில நாளில் ஆறு பேர் மீதான உத்தரவை அரசு திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றது நல்லதுதான். போட்டவர் யார் என்று யாரும் கேட்கவில்லையே!

சரி, கூட வேண்டாம், ஊர்வலம் வேண்டாம். சும்மா இருந்தால்? 'நாங்கள் வரமாட்டோம், வாங்கமாட்டோம்' என்று வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டால்? அதுதான் புறக்கணிப்பு. 1880-ல் அயர்லாந்தில் பாய்காட் என்ற எஸ்டேட் நிர்வாகியை ஊரே சேர்ந்து ஒதுக்கி வைத்தது. அறுவடைக்கு ஆள் போகவில்லை, கடைக்காரர் சாமான் தரவில்லை. பாவம், மனிதரின் பெயரே அகராதியில் வினைச்சொல்லாகிவிட்டது.

அந்த ஆயுதம் இந்தக் கடலூருக்குப் புதிதில்லை. இதே முதுநகரில் பிறந்தவர் அஞ்சலை அம்மாள். 1927-ல் சென்னையில் நீலன் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் பெண் குழந்தையோடு ஜெயிலுக்குப் போனவர். காந்தி கடலூருக்கு வந்தபோது, இவரைச் சந்திக்கக்கூடாது என்று அரசாங்கம் தடை போட, பர்தா போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்று இந்த ஊரில் இன்னமும் சொல்வார்கள். அனுமதி மனு எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை!

சும்மா இருப்பதையும் சட்டம் சும்மா விடுவதில்லை. அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பு இன மக்கள் 1955 டிசம்பரில் பஸ்ஸைப் புறக்கணித்து நடக்க ஆரம்பித்தார்கள். நடப்பதற்குக்கூட வழக்கா? போட்டார்களே! 1921-ஆம் வருஷத்துப் புறக்கணிப்புத் தடைச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, 1956-ல் மார்ட்டின் லூதர் கிங்குக்கு 500 டாலர் அபராதம் விதித்தார்கள். நம் ஊரில் 2003 ஜூலையில் வேலைக்கு வராத அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் 1,70,000 பேருக்கு மேல் எஸ்மா சட்டத்தில் ஒரேயடியாக டிஸ்மிஸ். அந்த வழக்கில்தான், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பெரும்பாலோர் உள்ளே போனார்கள். முதல் இரண்டு உரிமையைப் பற்றிக் கோர்ட் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாவது கோர்ட்டின் கணக்கில் வருமா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்.

கிராமத்துக்காரர்களிடம் மிச்சமிருப்பது ஓட்டு. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் போகிற ஏகனாபுரத்தில் 2022-லிருந்து ராத்திரி ராத்திரி கூடி உட்கார்ந்து பார்த்துவிட்டு, 2024 லோக்சபா தேர்தலைப் புறக்கணித்தார்கள். பூத்தில் ஆபீசர்கள் இருந்தார்கள், மிஷின் இருந்தது, கியூ மட்டும் இல்லை. இப்படி அறிவித்ததுமே எந்த ஊருக்கும் அதிகாரிகள் காரில் வந்து இறங்கிவிடுகிறார்கள். அஞ்சு வருஷமாக வராத ஆர்.டி.ஓ. ஒரே வாரத்தில் மூன்று முறை வருவார். ஓட்டுப் போடாமல் இருப்பது அவரவர் உரிமை. ஆனால் அடுத்தவரைப் போடாதே என்று மிரட்டினால் அது குற்றம், அதிலும் நியாயம் இருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் நாலு பேர் மூச்சுவிடாமல் இருக்கிற இடத்தில் எது ஊர் முடிவு, எது மிரட்டல் என்று கோடு போடுவதுதான் கஷ்டம்.

போன வாரம் மறுபடி சிப்காட் போனேன். அதே டீக்கடை. அந்த அம்மா கல்லாவுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.

"முறைப்படியே போவலாம்னு ஊர்ல சொல்லிட்டாங்க சார். ஆர்ப்பாட்டத்துக்கு மனு. நீங்களே எழுதிக் குடுத்துருங்க. கையெழுத்து நாங்க போட்டுக்கறோம்."

பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். இடம், சொன்னார். நாள், ஐந்து நாளுக்கு அப்புறம் ஒரு தேதி சொன்னார். நேரம், காலை பத்து முதல் பன்னிரண்டு. ஒலிபெருக்கி, ஒன்று. கோரிக்கை என்ற இடத்தில் அவர் சொல்லச் சொல்ல இரண்டு பக்கம் ஓடிவிட்டது.

"கலந்துகொள்வோர் எண்ணிக்கை... எத்தனை பேர்னு போடட்டும்மா?"

அந்த அம்மா வெளியே வந்து, ஆலைப் புகைபோக்கி இருந்த பக்கம் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ... அதைப் பொறுத்துன்னு எழுதுங்க சார்."